பெண்கள் பெயரில் ஓர் ஏக்கர்

1968 டிசம்பர் 25 இரவு கீழத்தஞ்சையின் கீழவெண்மணியில், ராமையா என்பவரின் குடிசைக்குள் உயிருக்கு அஞ்சி ஓடி ஒளிந்தவர்களை வெளியே வரவிடாமல் மிராசுதார்களின் ஆட்கள் தீ வைத்தார்கள். 44 பேர் கருகிச் செத்தார்கள். பெண்களும் குழந்தைகளும் முதியவர்களுமே அதிகம். அத்தனை பேரும் நிலமற்ற தலித் விவசாயக் கூலிகளின் குடும்பத்தார். அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டதற்குக் கிடைத்த பதில் இது என்றுதான் அந்த வட்டாரம் இன்றும் நினைவுகூர்கிறது. கூலி ஒரு காரணம். ஏற்றிய செங்கொடியை இறக்க மாட்டோம் என்று அவர்கள் உறுதியாக நின்றது அதைவிடப் பெரிய காரணம்.

அதன்பின் நடந்தவை பலருக்கும் தெரிந்தவை. அண்ணா முதலமைச்சராக இருந்த கடைசி நாட்கள் அவை. கூலிப் பிரச்சினையை ஆராய கணபதியா பிள்ளை ஆணையம் அமைக்கப்பட்டது. 1969-இல் நியாயமான கூலிச் சட்டம் வந்தது. வழக்கில் கீழ்நீதிமன்றம் தண்டித்த மிராசுதார்களை 1973-இல் சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்தது. காரும் நிலபுலனும் உள்ள செல்வந்தர்கள் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்புவது கடினம் என்ற பொருள்பட அந்தத் தீர்ப்பு சொன்னது, இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் ஆறாத புண். இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’ நாவலும், பாரதி கிருஷ்ணகுமாரின் ‘ராமையாவின் குடிசை’ ஆவணப்படமும் அந்த இரவைத் தமிழ் வாசகர்களுக்கும் பார்வையாளர்களுக்கும் கொண்டுசேர்த்தன.

அந்த இரவுக்குப் பிந்தைய நாற்பது ஆண்டுகளில் அதே மண்ணில் நடந்த ஒரு வேலையைப் பற்றி அந்த அளவுக்கு நாம் பேசியதில்லை. சத்தமில்லாமல், ஊர் ஊராக, பத்திரம் பத்திரமாக நடந்த வேலை அது. செய்தவர்கள் கிருஷ்ணம்மாள், ஜெகந்நாதன் என்ற தம்பதியர். அவர்களோடு கீழத்தஞ்சையின் சேரிகளில் வாழ்ந்த ஆயிரக்கணக்கான பெண்கள்.

இருவரும் காந்திய வழிச் சர்வோதயத்தார். ஜெகந்நாதன் ராமநாதபுரம் பக்கத்தில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். 1930-இல் காந்தியின் அழைப்பைக் கேட்டு மதுரை அமெரிக்கன் கல்லூரிப் படிப்பை உதறியவர். வெள்ளையனே வெளியேறு இயக்கத்தில் சிறை சென்றவர். கிருஷ்ணம்மாள் 1926-இல் திண்டுக்கல் வட்டாரத்தில் நிலமற்ற தலித் குடும்பத்தில் பிறந்தவர். டாக்டர் சௌந்தரம் ராமச்சந்திரனின் ஆதரவில் மதுரையில் தங்கிப் படித்துப் பட்டம் பெற்றார். ஒரு தலித் பெண் கல்லூரி வாசலை மிதிப்பதே அதிசயமாக இருந்த காலம் அது. சுதந்திர இந்தியாவில்தான் திருமணம் என்று காத்திருந்து இருவரும் 1950-இல் மணந்துகொண்டார்கள். சாதி, வசதி இரண்டையும் தாண்டிய மணம்.

1951 ஏப்ரலில் தெலங்கானாவின் போச்சம்பள்ளியில் வினோபா பாவே பூதான இயக்கத்தைத் தொடங்கினார். ஜெகந்நாதன் அவரோடு நடந்தார். பிறகு தமிழ்நாட்டிலும் அதை முன்னின்று நடத்தினார். உங்கள் வீட்டில் ஐந்து பிள்ளைகள் இருந்தால் என்னை ஆறாவது பிள்ளையாக நினைத்து ஆறில் ஒரு பங்கு நிலத்தைக் கொடுங்கள் என்பது வினோபாவின் வேண்டுகோள். இந்தியா முழுவதும் 40 லட்சம் ஏக்கருக்கு மேல் தானமாக அறிவிக்கப்பட்டது. அறிவிப்பு வேறு, கைக்கு வருவது வேறு. கல்லும் கரடுமான தரிசு, வழக்கில் கிடக்கும் நிலம், கொடுத்தவரின் வாரிசுகள் மறுத்த நிலம் என்று பெரும்பகுதி காகிதத்திலேயே தங்கிவிட்டது. மனம் மாறிக் கொடுப்பார்கள் என்று மட்டும் காத்திருந்தால் ஏழைக்கு நிலம் வராது என்பதை உள்ளிருந்தே பார்த்தவர்கள் இந்தத் தம்பதியர். கீழவெண்மணிச் செய்தி கேட்டுக் கீழத்தஞ்சைக்கு வந்தபோது இந்த அனுபவமும் அவர்களோடு வந்தது. வந்தவர்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள்.

அவர்கள் வெற்றிடத்துக்கு வரவில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். பண்ணையாள் முறை கோலோச்சிய ஊர்கள் இவை. சாணியைக் கரைத்துக் குடிக்க வைக்கும் சாணிப்பால், சவுக்கடி என்ற இரண்டு தண்டனைகளும் இந்த மண்ணின் வரலாற்றில் பதிந்தவை. அதை எதிர்த்து நிமிரச் சொல்லிக் கொடுத்தவர்கள் பி. சீனிவாசராவ் போன்ற பொதுவுடைமை இயக்கத்தார். அடித்தால் திருப்பி அடி என்ற துணிவை 1940-களிலேயே சேரிகளில் விதைத்தது அவர்கள்தான். 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததற்கும் அந்தப் போராட்டங்களே காரணம். கூலியும் மானமும் ஓரளவு மீட்கப்பட்டிருந்தன. நிலம் மட்டும் வரவில்லை. 1961-இன் நில உச்சவரம்புச் சட்டம் ஒரு குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் என்றது. 1970-இல் அது 15 ஆகக் குறைந்தது. ஆனால் அறக்கட்டளை, கோயில், பினாமி என்று பெரும் பண்ணைகள் பிரிந்து ஒளிந்துகொள்ள வழிகள் நிறைய இருந்தன.

நிலம் இல்லாதவர் கூலியை மறுத்தால் அடுத்த வேளை சோறு இல்லை. குடியிருக்கும் மனையும் பண்ணைக்குச் சொந்தம். நடக்கும் வரப்பும் பண்ணைக்குச் சொந்தம். சண்டை வந்துவிட்டால் ஒதுங்கி நிற்க ஓர் அடி மண் கிடையாது. அங்கே போலீஸ் முகாம் போட்டுக் காப்பாற்றிய அமைதி, அடங்கிப் போனவர்களின் அமைதியாகத்தான் இருக்க முடியும். கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் இந்த முடிச்சைத்தான் பிடித்தார்கள். கூலிக்காரர் நிலத்துக்கு உடையவர் ஆகும்வரை வெண்மணி மறுபடி நடக்காது என்று எவராலும் உறுதி சொல்ல முடியாது என்பது அவர்கள் நிலைப்பாடு.

எழுபதுகளில் கீழத்தஞ்சையில் சத்தியாகிரகங்கள் நடந்தன. பிறகு ஜெகந்நாதன் ஜெயப்பிரகாஷ் நாராயணனின் இயக்கத்துக்காகப் பீகார் போனார். நெருக்கடி நிலையில் சிறைப்பட்டார். திரும்பி வந்தபின் 1981-இல் இருவரும் தொடங்கிய அமைப்புதான் ‘லாஃப்டி’. உழுபவருக்கு நிலத்தால் விடுதலை என்பதையே பெயராகக் கொண்ட அமைப்பு அது.

லாஃப்டி செய்த காரியம் கேட்க எளிதாகத் தோன்றும். நிலத்தை விற்க நினைக்கும் மிராசுதாரையும் அதே நிலத்தில் தலைமுறை தலைமுறையாக நாற்று நட்ட கூலிக்காரர்களையும் ஒரே பேச்சுவார்த்தையில் உட்கார வைப்பது. நியாயமான விலைக்குப் பேசி முடிப்பது. வங்கியிடம் கடன் வாங்கிக் கொடுப்பது. குடும்பத்துக்கு ஓர் ஏக்கர் என்று பிரிப்பது. எல்லோரும் சேர்ந்து பயிர் செய்து கடனை அடைப்பது. எண்பதுகளில் நகரங்களுக்குப் போய்விட்ட பல நிலக்கிழார் குடும்பங்களுக்கு நிலம் பாரமாக மாறிக்கொண்டிருந்ததும் இதற்கு உதவியது.

நடைமுறையில் ஒவ்வொரு படியும் சுவராக நின்றது. அடமானம் வைக்க எதுவும் இல்லாத கூலிக்காரரை வங்கி நம்பவில்லை. கடன் கிடைத்தாலும் பத்திரப் பதிவுக் கட்டணமும் முத்திரைத்தாள் செலவும் கழுத்தை நெரித்தன. நிலத்தின் விலையைக் கடனாக வாங்கலாம். அரசுக்குக் கட்டும் கட்டணத்துக்கு யார் கடன் கொடுப்பார்கள்? அதனால் தொடக்க ஆண்டுகளில் கைமாறிய நிலம் சொற்பமே. முத்திரைத்தாள் கட்டணத்தில் விலக்கு கேட்டு அரசின் கதவைத் தட்டுவதே தனிப் போராட்டமாகிவிட்டது. உண்ணாவிரதத்துக்கும் பாதயாத்திரைக்கும் கிடைக்கும் புகைப்பட வெளிச்சம், ஓர் அரசாணைக்காகச் செயலகத்துக்கு நடையாய் நடப்பதற்குக் கிடைப்பதில்லை. ஆனால் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு வழி திறந்தது இரண்டாவது வகைப் போராட்டத்தால்தான். ஆதிதிராவிடர் நிலம் வாங்க அரசு கொண்டுவந்த மானியக் கடன் திட்டங்களைப் பிறகு லாஃப்டி முழுமூச்சாகப் பயன்படுத்திக்கொண்டது. இன்று அரசின் ஆதிதிராவிடர் மேம்பாட்டுக் கழகமான தாட்கோ வழியே நிலம் வாங்கும் திட்டத்தில் பதிவுச் சலுகையும் பெண்களுக்கு முன்னுரிமையும் இருப்பதைப் பார்க்கும்போது, அன்று கேட்டவர்களின் பிடிவாதத்துக்குப் பொருள் இருந்தது தெரிகிறது.

2007 வரை லாஃப்டி மூலம் ஏறக்குறைய 13,000 ஏக்கர் நிலம் ஏறக்குறைய 13,000 குடும்பங்களுக்குக் கிடைத்தது. பட்டா பெண்களின் பெயரில்.

இந்த ஒரு முடிவுக்குள் எவ்வளவு அறிவு இருக்கிறது என்று நின்று பார்க்கலாம். காவிரி டெல்டாவில் நாற்றுப் பறிப்பதும் நடுவதும் களை எடுப்பதும் பெண்கள் வேலை. அறுவடையிலும் அவர்கள் கை உண்டு. ஆனால் கைநாட்டு வைக்கும் இடத்தில் எப்போதும் ஆண்தான் நின்றான். கணவன் பெயரில் பட்டா இருந்தால், சாராயக் கடனுக்கோ கல்யாணச் செலவுக்கோ ஓர் இரவில் நிலம் அடமானம் போய்விடலாம். மனைவிக்குச் செய்தி மறுநாள்தான் வரும். பெண் பெயரில் இருந்தால் அவள் பதிவாளர் முன் வந்து நின்றாக வேண்டும். வில்லங்கச் சான்றில் அவள் பெயர் வரும். சிட்டாவில் அவள் பெயர் வரும். கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க் கடன் கேட்டால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். பண்ணையின் காரியக்காரர் நேற்றுவரை பெயர்கூடச் சொல்லாமல் அழைத்த பெண், அப்பன் பெயரும் ஊரும் சேர்த்து முழு முகவரியோடு அரசுப் பதிவேட்டில் ஏறுகிறாள்.

ஓர் ஏக்கர் என்பது டெல்டாக் கணக்கில் மூன்று மா. நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. மிராசுதார்கள் வேலிக் கணக்கில் பேசிய ஊரில் மூன்று மா சிறியதுதான். தண்ணீர் ஒழுங்காக வந்தால் சம்பா ஒரு போகத்தில் வீட்டுக்குச் சாப்பாட்டு நெல் மிஞ்சும். மீதி மாதங்களுக்குக் கூலிவேலை வேண்டும். இதை லாஃப்டி அறிந்தே இருந்தது. வயலில் வேலை இல்லாத மாதங்களுக்காகப் பாய் நெசவு, தையல், தச்சு, கொத்து வேலை என்று பயிற்சிகள் நடத்தியது.

இந்த வழியைப் பற்றி இடதுசாரிகள் எழுப்பிய கேள்வி நியாயமானது. தலைமுறைகளாக உழைத்த உழைப்பில் அந்த நிலத்தின் விலையை நூறு முறை கொடுத்தாகிவிட்டது. மறுபடி மிராசுதாருக்கு ஏன் பணம் கொடுக்க வேண்டும், அதுவும் ஏழை கடன் வாங்கி? உச்சவரம்புச் சட்டம் ஒழுங்காக நிறைவேறியிருந்தால் அந்தக் கடனுக்கே வேலை இருந்திருக்காது. இது உண்மை. சட்டம் நிறைவேறும்வரை ஒரு தலைமுறை காத்திருக்க வேண்டுமா என்ற எதிர்க்கேள்வியும் அதே அளவு உண்மை. ஒரு பக்கம் சட்டத்துக்காகவும் கூலிக்காகவும் தெருவில் நின்ற செங்கொடிச் சங்கம் இருந்ததால்தான் மறுபக்கம் மிராசுதார் பேச்சுவார்த்தைக்கு இறங்கி வந்தார் என்றே தோன்றுகிறது. அந்தச் சங்கம் இல்லாத ஊரில் சர்வோதயத்தாரின் கோரிக்கை வெறும் விண்ணப்பமாக முடிந்திருக்கும்.

தொண்ணூறுகளில் நிலத்துக்கு வேறொரு பக்கத்திலிருந்து ஆபத்து வந்தது. கீழத்தஞ்சையின் நாகை கடற்கரையோரம் பெரிய நிறுவனங்கள் இறால் பண்ணைக்காக வயல்களை வளைத்தன. லாஃப்டி ஏக்கர் ஏக்கராகப் பேசி வாங்கும் வேகத்துக்கு அந்தப் பணத்தோடு போட்டியிட முடியாது. பண்ணை வேலை செய்யும் விதம் எளியது, விளைவு கொடியது. வயலை ஆழமாக வெட்டிக் கரை கட்டுவார்கள். கடல் நீரையும் நிலத்தடி நீரையும் கலந்து நிரப்புவார்கள். இறாலுக்குத் தீவனமும் மருந்தும் கொட்டுவார்கள். அறுவடை முடிந்ததும் அந்தக் கழிவு நீர் வாய்க்காலுக்குப் போகும். உப்பு மெல்லப் பக்கத்து வயலுக்கு இறங்கும். முதலில் நாற்றின் நுனி கருகும், அப்புறம் தூர் கட்டாது. பிறகு ஊர்க் கிணறு கரிக்கத் தொடங்கும். குடிநீருக்குக் குடத்தோடு இரண்டு மைல் நடப்பதும் பெண்களின் தலையில்தான் விழும். ஓர் ஏக்கர் நெல் வயல் ஆண்டுக்குப் பலருக்கு வேலை தரும். இறால் குட்டைக்குச் சில காவலாளிகள் போதும். விற்காத விவசாயியும் விற்க வேண்டிய நிலைக்கு வருவார், உப்பேறிய நிலத்தை வேறு என்ன செய்வது?

கூலிக்காரர்கள் மட்டும் இதை எதிர்க்கவில்லை. மீனவர்கள் வந்தார்கள், கடலுக்குப் போகும் வழியைப் பண்ணைகள் அடைத்திருந்தன. சிறு விவசாயிகள் வந்தார்கள். நேற்றுவரை எதிரெதிரே நின்ற தெருக்காரர்களும் சேரிக்காரர்களும் உப்புத் தண்ணீரின் முன் ஒரே பக்கம் நின்ற ஊர்கள் உண்டு. மண் அள்ளும் இயந்திரங்களின் முன் பெண்கள் உட்கார்ந்தார்கள். உண்ணாவிரதம், பாதயாத்திரை, கைது என்று அது நீண்டது. வயது எண்பதை நெருங்கிக்கொண்டிருந்த ஜெகந்நாதன், கிராம சுயராஜ்ய இயக்கத்தின் தலைவர் என்ற முறையில் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார்.

அந்த வழக்கில் நாக்பூரின் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனத்தை நீதிமன்றம் கடற்கரைக்கு அனுப்பியது. இறாலால் வரும் வருமானத்தைவிட அதனால் ஏற்படும் சமூக, சூழல் இழப்பே அதிகம் என்று அறிக்கை வந்தது. ஊர்ப் பெண்கள் கரிக்கும் கிணற்றைக் காட்டிச் சொன்னதையே விஞ்ஞானிகள் கணக்கிட்டு எழுதினார்கள். 1996 டிசம்பர் 11-ஆம் தேதி நீதிபதிகள் குல்தீப் சிங், சாகிர் அகமது அமர்வு தீர்ப்புச் சொன்னது. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருக்கும் இறால் பண்ணைகளை, மரபான முறையில் நடப்பவை தவிர, 1997 மார்ச் 31-க்குள் இடித்து அகற்ற வேண்டும். விளைநிலத்தையும் உப்பளத்தையும் சதுப்பு நிலத்தையும் ஊர்ப் பொது நிலத்தையும் குட்டையாக்கக் கூடாது. பாதிக்கப்பட்டவர்களுக்கு, மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும். வேலை இழக்கும் தொழிலாளர்களுக்கு ஆறு ஆண்டுக் கூலி தர வேண்டும். பண்ணைகளை மூடச் சொல்லும் தீர்ப்பில் தொழிலாளியின் கூலியையும் மறக்காமல் எழுதியது, அந்த வழக்கு எந்த மாதிரி மனிதர்களிடமிருந்து வந்தது என்பதற்கும் சாட்சி. இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தைப் படிக்கும் மாணவர்கள் இன்றும் ஜெகந்நாத் வழக்கு என்று இதைப் படிக்கிறார்கள்.

தீர்ப்பு முழுமையாக நிறைவேறவில்லை. மறுசீராய்வு மனுக்கள் போயின. 2005-இல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது. கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையின் தடை இந்தப் பண்ணைகளுக்குப் பொருந்தாது என்று அந்தச் சட்டம் சொல்லிவிட்டது. 2023-இல் வந்த திருத்தம் தடையின் பிடியை மேலும் தளர்த்தியது. நீதிமன்றத்தில் வென்றதை நாடாளுமன்றத்தில் இழக்க நேர்ந்தது என்று சொன்னால் மிகையில்லை. ஊர் மக்களிடம் அன்று உருவான கூட்டு எவ்வளவு உறுதியானதாக இருந்தாலும், டெல்லியில் சட்டம் எழுதப்படும் அறை வரை அதன் குரல் எட்டவில்லை.

இத்தனைக்கும் நடுவே கிருஷ்ணம்மாளின் அன்றாடம் கூத்தூரிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் நடந்துகொண்டிருந்தது. வள்ளலாரின் அருட்பெருஞ்சோதியை நம்பியவர் அவர். கூட்டங்களில் அகல் விளக்கு ஏற்றிப் பிரார்த்தனை செய்துவிட்டுத்தான் பட்டா, கடன், வாய்க்கால் என்று பேச்சைத் தொடங்குவது அவர் பாணி. சேரிப் பெண்களுக்கு அவர் ‘அம்மா’. போராட்டத்துக்குப் பக்தி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. தங்கள் தெய்வத்தின் கோயிலுக்குள் தலைமுறைகளாக நுழைய முடியாதவர்கள், தங்கள் தெருவிலேயே தங்கள் கையால் விளக்கேற்றி ஒன்றுகூடியதற்கு ஒரு பலம் இருந்தது என்பதை மறுக்க முடியாது.

2004 டிசம்பர் 26 சுனாமியில் தமிழ்நாட்டிலேயே அதிகம் பறிகொடுத்த மாவட்டம் நாகை. ஆறாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கடற்கரையில் நிவாரண வீடுகள் எழுந்தன. உட்பகுதி ஊர்களில் விவசாயக் கூலிகள் வழக்கம்போல் கீற்றுக் குடிசையில் இருந்தார்கள். மழைக்கு ஒழுகும், புயலுக்குப் பறக்கும், ஒரு தீக்குச்சிக்கு எரியும் குடிசைகள். வெண்மணியில் 44 உயிர் போனதற்குத் தீ வைத்தவர்கள் காரணம் என்றாலும், ஏழைக்குக் கல்வீடு இல்லை என்பதும் அந்தச் சாவில் பங்குகொண்டது. லாஃப்டி செங்கல் அறுத்து வீடு கட்டும் வேலையில் இறங்கியது. வீட்டுக்காரர்களே மண் பிசைந்து கல் அறுத்தார்கள். 2008-இல் மாற்று நோபல் என்று அழைக்கப்படும் ‘ரைட் லைவ்லிஹுட்’ விருது கிருஷ்ணம்மாள், ஜெகந்நாதன் தம்பதியருக்கும் லாஃப்டிக்கும் கிடைத்தது. 2013 பிப்ரவரியில் ஜெகந்நாதன் காந்திகிராமத்தில் காலமானார். 1989-இல் பத்மஸ்ரீ பெற்றிருந்த கிருஷ்ணம்மாளுக்கு 2020-இல் பத்மபூஷண் அறிவிக்கப்பட்டது.

விருதுகளால் தீராத கணக்குகள் வயலில் இருக்கின்றன. நாகை காவிரியின் கடைமடை. மேட்டூரில் திறந்த தண்ணீர் இங்கே வந்து சேரும் முன் தாமதமாகிவிடும். சில ஆண்டுகள் வருவதே இல்லை. 2018 நவம்பரில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தபோது ஓடும் கீற்றும் பறந்தன. எண்பதுகளில் பட்டா வாங்கிய பெண்கள் பலருக்கு இன்று பேரப் பிள்ளைகள் இருக்கிறார்கள். பேரன் திருப்பூரிலோ சென்னையிலோ வேலையில் இருக்கிறான். ஓர் ஏக்கர் வாரிசுகளிடையே பிரிந்தால் எதற்கும் உதவாத துண்டுகளாகும். தாய் பெயரில் உள்ள சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு என்று 1956-இன் இந்து வாரிசுரிமைச் சட்டமே சொல்கிறது. ஆனால் பட்டா மாற்றும்போது மகளிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கும் பழக்கம் தமிழ்நாடு முழுவதும் இருக்கிறது. பெண்கள் பெயரில் வாங்கிய நிலம் இரண்டே தலைமுறையில் மறுபடி ஆண்கள் பெயருக்குப் போய்விடாமல் இருக்க, அந்த மகள்களுக்குச் சட்டத்தைச் சொல்லவும் வட்டாட்சியர் அலுவலகம் வரை கூட வரவும் ஊரில் ஆள் வேண்டும். பட்டா நிலத்துக்கு அப்பால், டெல்டாவில் ஆயிரக்கணக்கான ஏக்கர் கோயில் நிலத்தில் குத்தகை உழவர்கள் இன்றும் உழுகிறார்கள். அவற்றில் தலித் பெண்களின் பெயரில் குத்தகைப் பதிவு எத்தனை இருக்கிறது என்று ஒவ்வொரு ஊருக்கும் கேட்டு வாங்கலாம். தகவல் உரிமைச் சட்டத்தில் அதற்கு ஆகும் கட்டணம் பத்து ரூபாய்.